வெங்காயத் தட்டுப்பாட்டுக்கு யார் காரணம்? ஆய்வுகளை அடுக்கிப் படிப்போம்



கம்போங் மேடானில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக அதன் வாசலிலேயே பெரிய வெங்காய மூட்டை திறந்திருக்கும். ஒரு வாரம் அந்த மூட்டையைக் காணவில்லை. "ஆளுக்கு ஒரு கிலோ மட்டும்" என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். விலையும் ஏறிவிட்டது. "கடைக்காரர் பதுக்கியிருப்பார்" என்கிறார் அம்மா. கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கை காட்டுகிறார். மொத்த வியாபாரியோ, "சரக்கு வரவில்லை, நான் என்ன செய்வது?" என்கிறார். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே கடையில் வெங்காயம் குவிந்து கிடக்கிறது. அடியில் உள்ளவை முளைவிட்டு அழுகவும் தொடங்கிவிட்டன.

இவர்களில் யார் சொல்வது சரி? பொருள் ஏன் முதலில் கிடைக்காமல் போகிறது, பிறகு ஏன் தேங்குகிறது? இந்தக் கேள்விக்கு அறிஞர்கள் 60 ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் படித்தால் ஒரு பதில் கிடைக்கும். இன்னொன்றைப் படித்தால் வேறு பதில் கிடைக்கும். அப்படியானால் எதை நம்புவது? ஆய்வுகளை வகைப்படுத்தி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முடிவு காணும் முறையே இன்றைய பாடம். இதற்கு மீளாய்வு என்று பெயர்.

சங்கிலியின் கண்ணிகள்

நாம் வாங்கும் பெரிய வெங்காயத்தில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் நாசிக் மாவட்டம் வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள விவசாயி வெங்காயத்தை லாசல்காவ் போன்ற சந்தைக்குக் கொண்டுவருகிறார். ஏற்றுமதியாளர் வாங்கித் துறைமுகத்துக்கு அனுப்புகிறார். கப்பல் அதைக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறது. இறக்குமதியாளர், செலாயாங் போன்ற மொத்த விற்பனைச் சந்தை, மளிகைக் கடை ஆகியவற்றைக் கடந்து அது நம் வீட்டு அடுப்படிக்கு வருகிறது.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கண்ணி. எல்லாம் சேர்ந்ததுதான் விநியோகச் சங்கிலி. இதில் பொருள் ஒரு திசையில் வருகிறது. பணமும் ஆர்டரும் எதிர்த் திசையில் போகின்றன. இந்த மூன்றையும் ஒருங்கிணைத்து நடத்துவதே விநியோகச் சங்கிலி மேலாண்மை. வணிக ஆலோசகர் கீத் ஆலிவர் 1982-இல் ஒரு நாளேட்டுப் பேட்டியில் பயன்படுத்திய பிறகே இந்தப் பெயர் பரவியது. பெயர் புதிதானாலும் சிக்கல் பழையது.

ஒரு சிறிய கணக்கு

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் மூன்று கண்ணிகள்: கடை, மொத்த வியாபாரி, இறக்குமதியாளர். வாரந்தோறும் கடையில் 10 மூட்டை விற்கிறது. மூவருமே ஒரு வாரத்துக்குத் தேவையான 10 மூட்டையைக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள். ஆர்டர் செய்த சரக்கு அதே வாரத்தில் வந்துவிடும். மூவரும் பின்பற்றும் விதி ஒன்றே: இந்த வாரம் எவ்வளவு விற்றதோ, வார இறுதியில் அவ்வளவு கையிருப்பு இருக்க வேண்டும்.

முதல் வாரம்: விலை ஏறப்போகிறது என்ற பேச்சால் கடையில் 12 மூட்டை விற்கிறது. விற்ற 12-ஐயும் ஈடுகட்ட வேண்டும், கையிருப்பையும் 10-இலிருந்து 12 ஆக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் 12 + 2 = 14 மூட்டை ஆர்டர் செய்கிறார். மொத்த வியாபாரிக்குத் தெரிவது இந்த 14 மட்டும்தான். அவர் 14 + 4 = 18 மூட்டை கேட்கிறார். இறக்குமதியாளர் 18 + 8 = 26 மூட்டை கேட்கிறார். கடையில் கூடியது 2 மூட்டை. இறக்குமதியாளரின் ஆர்டரில் கூடியதோ 16 மூட்டை.

இரண்டாம் வாரம்: பேச்சு அடங்கிவிட்டது. கடை விற்பனை மீண்டும் 10. இப்போது கையிருப்பைக் குறைக்க வேண்டும் என்பதால் கடைக்காரர் 10 - 2 = 8 மூட்டைதான் கேட்கிறார். மொத்த வியாபாரி 8 - 6 = 2 மூட்டை கேட்கிறார். இறக்குமதியாளரிடம் 18 மூட்டை இருக்கிறது. 2 விற்றபின் மீதி 16. அவர் விதிப்படி வைத்திருக்க வேண்டியது 2 மட்டுமே. 14 மூட்டை வெங்காயம் வாங்க ஆளின்றித் தேங்குகிறது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. யாரும் பதுக்கவும் இல்லை. எல்லாரும் தத்தம் கையிருப்பைத்தான் கவனித்தார்கள். ஆனாலும் முதல் வாரம் நெருக்கடி வந்தது, இரண்டாம் வாரம் தேக்கம் வந்தது. சாட்டையின் பிடியைச் சிறிது அசைத்தால் நுனி பெரிதாக வீசும். அதனால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள்.

ஆறு ஆய்வுகள்

இந்தச் சாட்டை விளைவைப் பற்றிய புகழ்பெற்ற ஆறு ஆய்வுகளைப் பார்ப்போம்.

1. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக் கழகப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழிற்சாலை முதல் கடை வரையிலான சங்கிலியைக் கணினியில் உருவாக்கி ஓட்டிப் பார்த்தார். கடை விற்பனையில் ஏற்படும் சிறிய மாற்றம் தொழிற்சாலையில் பெரிய ஏற்ற இறக்கமாக மாறுவதைக் காட்டினார்.

2. எம்ஐடியைச் சேர்ந்த ஜான் ஸ்டெர்மன் 1989-இல் மனிதர்களைக் கொண்டு சோதித்தார். நால்வர் நான்கு கண்ணிகளாக அமர்ந்து ஆர்டர் செய்யும் விளையாட்டு அது. ஏற்கெனவே ஆர்டர் செய்து, இன்னும் வந்து சேராத சரக்கை ஆட்டக்காரர்கள் சரியாகக் கணக்கில் கொள்வதில்லை என்று கண்டார்.

3. ஹாவ் லீ, வி. பத்மநாபன், சுங்ஜின் வாங் ஆகியோர் 1997-இல் கணித முறையில் ஆராய்ந்தார்கள். எல்லாரும் அறிவோடு நடந்துகொண்டாலும் இந்த விளைவு வரும் என்றார்கள். நான்கு காரணங்களையும் சொன்னார்கள்: அடுத்த கண்ணியின் ஆர்டரை வைத்தே தேவையை மதிப்பிடுவது, லாரியோ கொள்கலனோ நிரம்பட்டும் என்று சேர்த்து ஆர்டர் செய்வது, விலை குறையும்போது வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு வரும் என அஞ்சித் தேவைக்கு மேல் கேட்பது.

4. ரேச்சல் குரோசன், கேரன் டொனஹ்யூ இருவரும் 2006-இல் மீண்டும் விளையாட்டுச் சோதனை நடத்தினார்கள். மேலே சொன்ன நான்கு காரணங்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் விளைவு மறையவில்லை. ஒருவர் கையிருப்பு மற்றவருக்குத் தெரியும்படி செய்தபோது அது குறைந்தது.

5. ஜெரார்டு காஷோன், டெய்லர் ரேண்டல், க்ளென் ஷ்மிட் ஆகியோர் 2007-இல் அமெரிக்காவின் உண்மையான தொழில்துறைப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தார்கள். மொத்த விற்பனைத் துறையில் சாட்டை விளைவு தெரிந்தது. சில்லறை விற்பனையில் பொதுவாகத் தெரியவில்லை. பெரும்பாலான உற்பத்தித் துறைகளிலும் தெரியவில்லை.

6. ராபர்ட் பிரே, ஹைம் மெண்டல்சன் இருவரும் 2012-இல் 4,689 அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளைத் தனித்தனியே பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களில் விளைவு இருந்தது.

படித்ததும் குழப்பமாக இருக்கிறதா? ஒருவர் மனிதத் தவறு என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். ஒருவர் உண்டு என்கிறார், மற்றொருவர் பல துறைகளில் காணோம் என்கிறார். ஆறு ஆய்வுகளுக்கே இப்படி என்றால் ஆயிரம் ஆய்வுகளை என்ன செய்வது?

சீர்காழிக்காரர் காட்டிய வழி

இங்கே நமக்கு உதவ ஒரு தமிழர் இருக்கிறார். 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு விதமாகப் பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்யலாம். நூல்களையும் இப்படி வகைப்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றியது.

அதுவரை நூலகங்களில் இருந்த முறை பெரும்பாலும் அலமாரிப் பெட்டி போன்றது. ஒரு நூல் ஒரே பெட்டியில்தான் போகும். "மலேசியாவில் 1950-களில் ரப்பர் மரநோய்த் தடுப்பு" என்ற நூலை எங்கே வைப்பது? வேளாண்மையிலா, நோயியலிலா, மலேசியாவிலா? இரங்கநாதன் ஒரு நூலுக்குப் பல முகங்கள் உண்டு என்றார். மையக் கரு, மூலப்பொருள், செயல், இடம், காலம் என்று ஐந்து முகங்களை வகுத்தார். ஒவ்வொரு முகத்துக்கும் குறியீடு தந்து அவற்றை இணைத்தார். 1933-இல் வெளிவந்த இந்த முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர். அவர் நினைவாக ஆகஸ்டு 12 இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளுக்கும் இந்த எண்ணம் பொருந்தும். "இது எந்த வகைக் கட்டுரை?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு கட்டுரையிடமும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

கண்ணி: சங்கிலியில் எந்தப் பகுதியைப் பார்த்தார்கள்?
காரணம்: எதைக் காரணமாகச் சொல்கிறார்கள்?
முறை: எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கணிதமா, கணினியா, சோதனையா, உண்மைத் தரவா?
இடம்: எந்த நாடு, எந்தப் பொருள்?
காலம்: எப்போது?

நோட்டில் ஐந்து பத்திகள் கோடிட்டு, ஆறு ஆய்வுகளையும் ஆறு வரிசைகளில் எழுதுங்கள். முடித்ததும் பக்கவாட்டில் படிக்காதீர்கள். பத்தி பத்தியாக மேலிருந்து கீழே படியுங்கள்.

அடுக்கியபின் தெரிபவை

முறை என்ற பத்தியைப் பாருங்கள். கணினி, கணிதம், விளையாட்டுச் சோதனை ஆகிய மூன்று வழியிலும் செய்த நான்கு ஆய்வுகள் விளைவு உண்டு என்கின்றன. உண்மைத் தரவைப் பார்த்த இரண்டு ஆய்வுகள் "சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை" என்கின்றன. அப்படியானால் சாட்டை விளைவு வரக்கூடியது. ஆனால் எங்கும் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. நாம் போட்ட 10, 14, 18, 26 கணக்கும் வரக்கூடியதைத்தான் காட்டுகிறது. உண்மையில் நடந்தது இதுதான் என்று அது நிரூபிக்கவில்லை.

அடுத்து, 5, 6 ஆகிய ஆய்வுகளை ஒப்பிடுங்கள். இரண்டும் அமெரிக்கத் தரவுதான். ஏன் வேறுபடுகின்றன? ஒன்று ஒரு துறையின் எல்லா நிறுவனங்களையும் கூட்டிப் பார்த்தது. மற்றொன்று நிறுவனங்களைத் தனித்தனியே பார்த்தது. ஒரு கடை கூட்டி வாங்கும் வாரத்தில் இன்னொரு கடை குறைத்து வாங்கினால், இரண்டையும் கூட்டும்போது ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். வகுப்புச் சராசரி மாறாமல் இருக்கும்போதே ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணும் ஏறி இறங்கலாம் அல்லவா? எந்த அளவில் பார்த்தார்கள் என்பதையும் ஆறாம் பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. நல்ல வகைப்பாடு இப்படித்தான் வளரும்.

காரணம் என்ற பத்தி இன்னொன்றைச் சொல்கிறது. 2, 3 ஆகிய ஆய்வுகள் முரண்படுவதுபோல் தோன்றின. 4-ஆம் ஆய்வு அருகில் வந்ததும், இரண்டு வகைக் காரணங்களுக்கும் இடம் உண்டு என்று புரிகிறது. இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. காரணம் மாறினால் மருந்தும் மாறும். தகவல் இல்லாததுதான் காரணம் என்றால், கடையின் உண்மையான விற்பனைக் கணக்கை எல்லாக் கண்ணிகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும். வழியில் வரும் சரக்கை மறப்பது காரணம் என்றால், அது கண்முன் தெரியும்படி செய்ய வேண்டும். பதுக்கலே காரணம் என்றால் அதிகாரிகள் சோதனை நடத்த வேண்டும். ஒரே ஓர் ஆய்வைப் படித்துவிட்டு மருந்து கொடுத்தால், நோய் ஒன்று மருந்து ஒன்று என்றாகிவிடும்.

கடைசியாக இடம் என்ற பத்தி. இந்த ஆறு ஆய்வுகளில் தரவை நேரடியாகப் பார்த்த இரண்டும் அமெரிக்காவைப் பற்றியவை. அழுகும் வெங்காயத்தையோ, குடும்பம் நடத்தும் சிறு மளிகைக் கடையையோ ஆறில் எதுவும் மையமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றும் உண்டு. இந்திய அரசு 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் ஆகிய மாதங்களில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஓர் அரசின் ஆணையால் ஒரு கண்ணி திடீரென்று அறுந்தால் என்ன ஆகும்? இந்த ஆறு ஆய்வுகள் அதைக் கேட்கவில்லை. மீளாய்வு செய்பவர்கள் இதை ஆய்வு இடைவெளி என்பார்கள். அடுத்த ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அந்த இடம் நமக்குத் தொலைவில் இல்லை. கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஷா ஆலாம், கிள்ளான் வழியாகக் கிள்ளான் துறைமுகத்துக்கே போய்விடலாம். எம்ஐடியின் ஒத்துழைப்போடு மலேசிய விநியோகச் சங்கிலிப் புத்தாக்கக் கழகம் 2011-இல் தொடங்கப்பட்டதும் ஷா ஆலாமில்தான்.

முறைப்படி மீளாய்வு செய்வது எப்படி?

நாம் ஆறு கட்டுரைகளை நாமே தேர்ந்தெடுத்தோம். அது பாடத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. பிடித்த கட்டுரைகளை மட்டும் எடுத்தால் பிடித்த முடிவுதான் வரும். மருத்துவத் துறை இதை முன்பே உணர்ந்து முறைசார் மீளாய்வை வளர்த்தது. டேவிட் டிரான்ஃபீல்டு, டேவிட் டென்யர், பாலமிந்தர் ஸ்மார்ட் ஆகியோர் 2003-இல் அதை மேலாண்மைத் துறைக்கு ஏற்றவாறு எடுத்துரைத்தார்கள். அதன் படிகளை எளிமையாகச் சொன்னால்:

முதலில், கேள்வியைக் குறுக்க வேண்டும். "விநியோகச் சங்கிலி பற்றி" என்பது கேள்வி அல்ல. "அழுகும் உணவுப் பொருள்களில் சாட்டை விளைவு உண்டா?" என்பது கேள்வி.

இரண்டாவது, தேடும் சொற்களையும் தேடும் இடங்களையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, எதைச் சேர்ப்போம், எதை விடுவோம் என்ற விதியையும் தேடலுக்கு முன்பே எழுத வேண்டும். முடிவைப் பார்த்தபின் விதியை மாற்றக் கூடாது.

நான்காவது, தலைப்பு, சுருக்கம், முழுக் கட்டுரை என்ற வரிசையில் வடிகட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை விடப்பட்டன என்று குறிக்க வேண்டும்.

ஐந்தாவது, இருவர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிட வேண்டும். இருவரும் ஒரே கட்டுரையை வெவ்வேறு கட்டத்தில் போட்டால், வகைப்பாட்டின் விளக்கம் தெளிவாக இல்லை என்று பொருள்.

ஆறாவது, அட்டவணையைப் படித்து உடன்பாடு, முரண்பாடு, இடைவெளி மூன்றையும் எழுத வேண்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டெஃபான் சூரிங், மார்ட்டின் முல்லர் இருவரும் 2008-இல் செய்த மீளாய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் கெடுக்காத விநியோகச் சங்கிலி பற்றி 1994 முதல் 2007 வரை வந்த 191 கட்டுரைகளை அவர்கள் அடுக்கினார்கள். சமூக நலன் பற்றிய ஆய்வுகள் குறைவாக இருப்பதை அந்த அடுக்கே காட்டிக்கொடுத்தது. 191 கட்டுரைகளில் எந்த ஒன்றைத் தனியே படித்தாலும் இது தெரிந்திருக்காது.

கவனிக்க வேண்டியவை

ஓட்டு எண்ணுவதுபோல் முடிவு சொல்லக் கூடாது. பத்து ஆய்வுகள் ஆம் என்றும் இரண்டு இல்லை என்றும் சொன்னால் ஆம் வென்றது என்று ஆகாது. அந்தப் பத்தும் ஒரே முறையில், ஒரே நாட்டில் செய்தவையாக இருக்கலாம்.

"ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை" என்று முடியும் ஆய்வுகள் பலமுறை அச்சுக்கே வருவதில்லை. ஆகவே அச்சில் வந்தவை முழுப் படம் ஆகிவிடாது. ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் மலாய், சீனம், தமிழ் மொழிகளில் எழுதப்பட்டவை விடுபடும். அப்படிச் செய்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி கடை வாசலுக்குத் திரும்புவோம். யார் காரணம்? ஏற்றுமதித் தடை முதல் அசைவாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கூட்டிக் கேட்டது அதைப் பெரிதாக்கியிருக்கலாம். "விலை ஏறப்போகிறது" என்று ஒரு கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ வாங்கிய நாமும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான். கடைக்காரர் பதுக்கினாரா என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லாது. அதற்கு அவருடைய கையிருப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும்வரை அவரைக் குற்றவாளி ஆக்குவது முறையல்ல.

செய்து பாருங்கள்

1. நம் கணக்கில் இறக்குமதியாளருக்கும் மேலே ஏற்றுமதியாளர் ஒருவரைச் சேருங்கள். அவரிடமும் 10 மூட்டை கையிருப்பு, விதியும் அதே. முதல் வாரம் அவர் எத்தனை மூட்டை கேட்பார்?

2. மூவருக்கும் கடையின் உண்மையான விற்பனை தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பின் அளவை ஆர்டரை வைத்து முடிவு செய்யாமல், கடை விற்பனையை வைத்தே முடிவு செய்கிறார்கள். முதல் வாரம் இறக்குமதியாளர் எத்தனை மூட்டை கேட்பார்?

3. முட்டை, கோழி, வெங்காயம் இவற்றில் ஒன்றின் தட்டுப்பாடு பற்றி நாளேடுகளில் வந்த பத்துச் செய்திகளைச் சேகரியுங்கள். கண்ணி, காரணம், ஆதாரம், இடம், காலம் என ஐந்து பத்திகளில் அடுக்குங்கள். நண்பர் ஒருவரையும் தனியே அடுக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். எந்தக் கண்ணியின் குரல் ஒரு செய்தியிலும் வரவில்லை?

விடைகள்: முதல் கேள்விக்கு 42. (26 விற்றதற்கு ஈடு 26, கையிருப்பை 10-இலிருந்து 26 ஆக்க 16.) இரண்டாம் கேள்விக்கு 18. (கடைக்காரர் 12 + 2 = 14; மொத்த வியாபாரி 14 + 2 = 16; இறக்குமதியாளர் 16 + 2 = 18.) தகவல் கிடைத்தால் சாட்டை விளைவு குறைகிறது, ஆனால் முற்றிலும் மறையவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மூன்றாம் கேள்விக்கு விடை உங்கள் அட்டவணையில் இருக்கிறது.